நகையைக் கழற்றச் சொன்னால் சபை வளராதா?

பழைய_பாதை:
ஞானஸ்நானம் எடுக்கிறவர் நகையைக் கழற்றவேண்டும் என்பது எங்கள் சபை உபதேசம். நேற்று இந்த மன்றத்தின் இன்னொரு திரியில் ஒரு சகோதரர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "நகையோடு ஞானஸ்நானம் எடுக்கலாம் என்று எங்கள் பாஸ்டர் சொன்ன பிறகுதான் கூட்டம் கூடியது. வளர்ச்சிக்காக உபதேசத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் தப்பில்லை" என்கிறார். சபை என்ன ஆடித் தள்ளுபடிக் கடையா? 1 தீமோத்தேயு 2:9, 1 பேதுரு 3:3 இரண்டிலும் பொன் வேண்டாம் என்று இருக்கிறது. இதில் தளர்த்த என்ன இருக்கிறது?

மூன்றாம்_பெஞ்ச்:
அந்த "ஒரு சகோதரர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். நான் எழுதியதில் பாதியை மட்டும் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். எங்கள் சபையில் ஒரு அக்கா வருஷக்கணக்கில் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். கழுத்தில் இருந்தது தாலி ஒன்றுதான். கணவர் விசுவாசி இல்லை. தாலியைக் கழற்றிவிட்டு அந்த வீட்டுக்குள் எப்படிப் போவார்? ஞானஸ்நானம் கொடுத்தோம். இதுதான் நீங்கள் சொல்லும் தள்ளுபடி.

பழைய_பாதை:
தாலியைப் பற்றி யார் பேசினார்கள்? நகை. பொன். வசனத்துக்குப் பதில் சொல்லுங்கள். அமெரிக்காவில் வில்லோ க்ரீக் சபை 1975-ல் சினிமா தியேட்டரில் ஆரம்பித்தது. வெளியாட்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று பார்த்துப் பார்த்து ஆராதனையை அமைத்தார்கள். கூட்டம் பெருகியது. 2007-ல் அவர்களே ஒரு ஆய்வை வெளியிட்டார்கள்: நிகழ்ச்சிகளில் அதிகமாகக் கலந்துகொண்டவர்கள் அதனாலேயே தேவனிடம் நெருங்கி வளர்ந்துவிடவில்லை. ஹூஸ்டன் லேக்வுட் சபை 2005-ல் பழைய கூடைப்பந்து அரங்கத்துக்குக் குடிபோனது. மேடையில் சிலுவை இல்லை, உலக உருண்டை சுற்றுகிறது. இன்றைக்குக் கம்மல், நாளைக்குச் சிலுவை.

பாளையங்கோட்டைக்காரி:
கம்மலுக்கும் ஹூஸ்டனுக்கும் என்ன சம்பந்தம் பிரதர்? அதே வசனத்தை முழுசாகப் படியுங்கள். மயிரைப் பின்னுவதும் விலையேறப்பெற்ற வஸ்திரமும் பொன்னோடு சேர்ந்துதான் வருகின்றன. உங்கள் சபையில் பின்னல் போடாத ஒரு பெண்ணைக் காட்டுங்கள். காதில் பொட்டுத் தங்கம் இருக்காது, உடம்பில் காஞ்சிப் பட்டு இருக்கும். ஆதியாகமம் 24-ல் ரெபெக்காளுக்குக் காதணியும் கடகமும் கொடுத்தவர் ஆபிரகாமின் ஊழியக்காரர். அவரும் விசுவாசத்தை விட்டு விலகிப்போன பின்மாற்றக்காரரா?

பழைய_பாதை:
அது பழைய ஏற்பாடு சிஸ்டர்.

பாளையங்கோட்டைக்காரி:
சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு என்று தசமபாகம் கேட்கிறீர்களே, அதை மட்டும் எந்த ஏற்பாட்டிலிருந்து வாங்குகிறீர்களாம்? இன்னொன்றும் கேட்கிறேன். ஒரு கன்வென்ஷனில் நகைக்கு எதிராக முழங்கிய பாஸ்டர் ஜெபிக்கக் கையைத் தூக்கினார். தங்க நிறச் செயின் போட்ட வாட்ச் மணிக்கட்டிலிருந்து வழுகி முழங்கைப் பக்கம் இறங்கியது. ஃபோகஸ் லைட்டில் அப்படி ஒரு மினுக்கம்.

பழைய_பாதை:
வாட்ச் நகை அல்ல. நேரம் பார்க்க.

மூன்றாம்_பெஞ்ச்:
பத்தரைக்கு முடிக்கவேண்டிய கூட்டத்தைப் பன்னிரண்டரைக்கு முடிப்பவர் எந்த நேரத்தைப் பார்த்தார்?

பழைய_பாதை:
கிண்டல் பண்ணுங்கள். வாட்ச் நகை அல்ல என்பது குழந்தைக்கும் தெரியும். வசனத்தில் பொன் என்று இருக்கிறது. பொன்!

கீர்த்தனைப்பிரியன்:
நாலு நாளாக வாசித்துக்கொண்டிருந்தேன், இப்போது ஒரு வார்த்தை. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி கூடாது, உடனே விடவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள். சாதி விஷயத்தில் கெடுபிடி காட்டாத ஜெர்மனியின் லைப்சிக் லுத்தரன் மிஷன் பின்னால் அவர்களில் பலரைச் சேர்த்துக்கொண்டது. ஆள் சேர்க்க உபதேசத்தைத் தளர்த்துவது என்றால் அது. நீங்கள் கம்மலைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

பழைய_பாதை:
நன்றி ஐயா, என் கட்சிக்கே சாட்சி சொல்கிறீர்கள். ஆட்கள் போனாலும் பிஷப் தளர்த்தவில்லை. நகையிலும் அப்படித்தான் நிற்கவேண்டும்.

கீர்த்தனைப்பிரியன்:
கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குவது என்று இயேசு சொன்னது இதுதான். "இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற, நகை அணியாத மணமகள் தேவை, சொந்த சாதியில் மட்டும்." இந்த மாதிரி வரன் விளம்பரத்தை நீங்கள் பார்த்ததே இல்லையா? நகைக்குத் தனிச் செய்தி கொடுக்கிறீர்கள். சாதிக்கு என்றைக்குக் கொடுத்தீர்கள்?

பழைய_பாதை:
பேச்சை மாற்றாதீர்கள். சாதி வேறு தலைப்பு, தனித் திரி தொடங்குங்கள். இங்கே தலைப்பு நகை. தஞ்சாவூர்க்காரர்கள் கீர்த்தனை பாடியே தூங்க வைத்தவர்கள், உங்களிடம் உபதேசம் கற்கவேண்டிய நிலைமை எனக்கு இல்லை.

கீர்த்தனைப்பிரியன்:
கீர்த்தனையைத் தொடாதீர்கள். தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் பாட்டு சரபோஜி மன்னர் காலத்திலிருந்து பாடப்படுகிறது. அவரும் சாதி விஷயத்தில் மிஷனரிகளோடு மல்லுக்கு நின்றவர்தான், அதை நான் மறைக்கமாட்டேன். பாட்டு நிற்கிறது. உங்கள் கீபோர்டு பாட்டு அடுத்த வருஷம் இருக்குமா?

பாளையங்கோட்டைக்காரி:
பின்னலுக்கு இன்னும் பதில் வரவில்லை.

மூன்றாம்_பெஞ்ச்:
அந்த அக்காவுக்கும்தான்.

பழைய_பாதை:
வாத்தியங்களோடு துதிக்கச் சொல்லும் சங்கீதம் 150-ன் ஆவியில்தான் கீபோர்டு வாசிக்கிறோம், அதைக் குறை சொல்பவர் யாரும் வேதம் படித்தவர் அல்ல. பின்னல் என்றால் அந்தக் காலத்து ரோமப் பெண்கள் பொன் கோத்துக் கட்டிய பகட்டுப் பின்னல், சாதாரணச் சடை இல்லை.

பாளையங்கோட்டைக்காரி:
பின்னலுக்கு மட்டும் அந்தக் காலத்துப் பழக்கம், கம்மலுக்கு எந்தக் காலத்துக்கும் உபதேசமா? நல்லா இருக்கு பிரதர்.

பழைய_பாதை:
பொன் பொன்தான். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து விரிவாக எழுதுகிறேன், வசனத்தோடு. அதுவரை யாரும் வாட்சை இழுக்கவேண்டாம்.

மூன்றாம்_பெஞ்ச்:
வாட்சைப் பார்த்து நேரத்துக்கு வாருங்கள்.