ஒழுகும் பங்குக் கோயில்: முதல் ரூபாய் எதற்கு?

மணிக்கூண்டு:
நூறு வயது தாண்டிய பங்குக் கோயில்களைச் சீரமைக்க ஊர் இளைஞர்களே நிதி திரட்டுவது பெருகிவருகிறது. மகிழ்ச்சி. ஆனால் நோட்டீஸை எடுத்துப் பாருங்கள்: முகப்புக்கு வர்ணம், கிரானைட் தரை, பீடத்துக்குப் பொன்னிற வேலைப்பாடு. கூரை கடைசி வரியில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

முதல் ரூபாய் கூரைக்கும் மழைநீர்க் குழாய்க்கும்தான் போக வேண்டும் என்பது என் வாதம். மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய பாணிக் கூரையில் தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் மூலைவாட்டில் நிறுத்திவைத்த சிறு செங்கல், அதன் மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு, உச்சியில் தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு). தட்டோட்டின் இணைப்பு விட்டுப்போனால் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கி, சுவருக்குள் சொருகியிருக்கும் கட்டை முனையில் போய்த் தங்கும். கீழிருந்து பார்த்தால் கட்டை இரும்பு மாதிரி தெரியும். சுவருக்குள் இருக்கும் முனை மட்கிப்போயிருக்கும். அப்படிப்பட்ட கூரைக்குக் கீழே வர்ணம் அடித்துவிட்டு, இரண்டு ஐப்பசி கழித்து அதே சுவரைச் சுரண்ட மறுபடியும் வீடு வீடாகப் போவது ஊர்ப்பணத்துக்குச் செய்யும் அநியாயம்.

தலைக்கட்டு:
சொல்வது நியாயம்தான், ஆனால் பணம் அப்படி வராது. தலைக்கட்டு வரி போட்டு வசூலிப்பவர்களுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியும் வேலை ஒன்று முடிந்தால்தான் அடுத்த தவணை வரும். கூரைக்குள் புதைகிற சுண்ணாம்பைக் காட்டி எத்தனை பேரிடம் கேட்பீர்கள்?

இன்னொன்று. பழைய கூரையைப் பழைய முறையில் போட ஆள் எங்கே? கட்டை மட்கியிருந்தால் கூரையைப் பிரித்துவிட்டு 5 அங்குல ஆர்.சி.சி. ஸ்லாப் (கம்பி கட்டிய கான்கிரீட் தளம்) போடுங்கள். சுவர், கோபுரம், பீடம் எல்லாம் அப்படியே இருக்கும். பழைய சுவருக்கு ஸ்லாப் பாரமாகிவிடும் என்று உடனே பயமுறுத்த வேண்டாம்.

கரணை:
பாரத்தைப் பற்றி அவர் சொல்வது சரி. பாரம்பரியம் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் தப்பாக வாதாடித் தோற்கிறார்கள். 5 அங்குல ஸ்லாப் சதுர அடிக்கு ஏறக்குறைய 30 கிலோ. செங்கல், ஜல்லி, இரண்டு வரிசை தட்டோடு சேர்ந்து 8 அங்குலம் வரும் மெட்ராஸ் டெரஸ் 35 கிலோவைத் தொடும். ஸ்லாப்தான் லேசு.

சிக்கல் வெயிலில் இருக்கிறது. 80 அடி நீள ஸ்லாப் 25 டிகிரி சூடேறினால் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும், இரவில் சுருங்கும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்காது. ஸ்லாப்புக்கு நேர் கீழே, மூலைகளில் படுக்கைவாட்டில் விரிசல் விடும். பழைய கூரையில் கட்டை ஒவ்வொன்றும் தனித்தனியாக அசையும், சுண்ணாம்பும் விட்டுக்கொடுக்கும். அதனால்தான் அத்தனை பாரத்தோடும் சுவர் நூறு வருடம் நின்றது.

தலைக்கட்டு:
ஸ்லாப்பை இரண்டாகப் பிரித்து இடையில் விரிவு இணைப்பு விடலாம். சுவருக்கும் ஸ்லாப்புக்கும் நடுவே வழுக்குப் படலம் விரிக்கலாம். மேலே தட்டோடு பதித்து வெள்ளை பூசினால் சூடும் குறையும். பொறியாளர்கள் அன்றாடம் செய்கிற வேலை இது. விரிசலைச் சொல்லி ஸ்லாப்பையே தள்ளிவைக்க முடியாது.

சுண்ணாம்புதான் என்றால் கணக்கைச் சொல்லுங்கள். 80க்கு 30 அடிக் கோயிலுக்கு எவ்வளவு பொருள், எத்தனை கை வேண்டும்?

கரணை:
2,400 சதுர அடி. ஜல்லியை 4 அங்குலம் பரப்பினால் அடித்து இறுகி 3 அங்குலத்துக்கு வரும். ஆக 800 கன அடி, அதாவது 8 யூனிட் செங்கல் ஜல்லி, முக்கால் அங்குல அளவில். பொதுப்பணித் துறை விகிதம் 32 பங்கு ஜல்லிக்கு 12½ பங்கு நீர்த்த சுண்ணாம்பு, மணல் கிடையாது. அப்படியானால் சுண்ணாம்பு 312 கன அடிக்குச் சற்று மேல். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 15 அடிக்கு 3 அங்குலமாவது வாட்டம் வேண்டும். பல கூரைகள் ஒழுகுவது வாட்டம் கெட்டுப்போனதால்தான், சுண்ணாம்பு கெட்டதால் அல்ல.

பரப்பிய பிறகு கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் அடிக்க வேண்டும். ஒரு நாள் வேலை இல்லை, ஒரு வாரம் ஆகும். கட்டை பட்டால் பள்ளம் விழாமல் எகிற வேண்டும், அதுவரை அடிதான். இடையில் நிறுத்திவிட்டு மூன்று நாள் கழித்து வந்தால் சேராது. பின்பு ஈரச் சாக்கு போட்டு வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் திறந்து விட்டால் மேல்தோல் மட்டும் காய்ந்து பிளக்கும்.

ஆள் இல்லை என்பது பாதி உண்மை. ஜல்லி உடைப்பது, சலிப்பது, மேலே ஏற்றுவது, கட்டை அடிப்பது எல்லாம் ஓர் அன்பியத்துக்கு (பங்கின் அக்கம்பக்க வீடுகள் சேர்ந்த குழு) ஒரு நாள் என்று முறை வைத்தால் தன்னார்வலர்களே செய்யலாம். தெரிந்த கொத்தனார் இரண்டு பேர் கூட நின்றால் போதும். ஆனால் சுட்ட சுண்ணாம்பை நீர்க்கவைக்கும் வேலையில் பிள்ளைகளை விடவே கூடாது. அது கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரைக் கொட்டக் கூடாது. கண்ணாடி, கையுறை கட்டாயம். குழியில் இரண்டு வாரமாவது ஊறட்டும். நீராத கட்டி ஒன்று உள்ளே போனால் பிறகு பொரிந்து மேலே தள்ளும்.

கெபித்தெரு:
கோபுரத்தில் அரசமரக் கன்று முளைத்திருந்தால் பிடுங்கலாமா? சுவர்க்காரையையும் கொத்தி எடுத்துவிட்டால் செங்கல் அழகாகத் தெரியும் என்கிறார்களே?

கரணை:
பிடுங்காதீர்கள். வேரோடு செங்கலும் வரும். அடியில் அறுத்து, வெட்டுவாயில் வேர்க்கொல்லி தடவி, காய்ந்த பிறகு இடுக்கில் சுண்ணாம்புச் சாந்தைத் திணிக்க வேண்டும்.

காரையைக் கொத்துவது அதைவிடக் கேடு. பழைய கோவாவின் போம் ஜீசஸ் பசிலிக்காவில் 1950களில் வெளிப்பூச்சை நீக்கி, செம்புரைக்கல்லை வெறுமனே விட்டார்கள். ஒவ்வொரு மழைக்கும் அந்தக் கல் அரிபட்டுக்கொண்டிருக்கிறது. பூச்சுதான் சுவரின் தோல். அதற்குப் பதிலாக சிமென்ட் பூசினாலும் தப்பு. தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி, மூன்றடியில் நின்ற உப்பு ஆறடியில் பூக்கும்.

பேரேடு:
சாந்து இருக்கட்டும், பணத்தில் செய்யும் தவறுகள் இதைவிடச் சீக்கிரம் கோயில் வேலையை நிறுத்தும்.

ஜிபே எண் என்று ஒருவருடைய சொந்தக் கணக்கைப் போடாதீர்கள். பங்கின் பெயரில், இந்த வேலைக்கு மட்டும் தனிக் கணக்கு, மூவர் கையொப்பம். வெளிநாட்டுப் பணத்தைப் பிரித்துப் பாருங்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடா குடியுரிமை வாங்கிய அதே ஊர்க்காரர் அனுப்பினால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூடத் தொடக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். பதிவு உள்ள அமைப்பு வாங்கி இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதும் தடை. "மறைமாவட்டம் வாங்கி நம் டிரஸ்டுக்குத் தரட்டும்" என்ற வழி அடைபட்டுவிட்டது.

தமிழக அரசின் தேவாலயச் சீரமைப்பு மானியம் கட்டடத்தின் வயதைப் பொறுத்துத் தருவது. மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேளுங்கள். சீரமைப்புக்கு வெளிநாட்டு நிதி பெறவில்லை என்று சான்று கேட்பார்கள். முதல் மாதமே கனடாப் பணத்தை வாங்கிவிட்டு ஆறாம் மாதம் மானியத்துக்குப் போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

நன்கொடை கொடுப்பவருக்கு 80ஜி வரிவிலக்கு உண்டு என்று நோட்டீஸில் அச்சடிக்காதீர்கள். கோயில் பழுதுக்கு அந்தச் சலுகை, மத்திய அரசு அரசிதழில் அறிவித்த தலங்களுக்குத்தான்.

தலைக்கட்டு:
அப்படியானால் நோட்டீஸில் பொதுவாக "கோயில் வளர்ச்சி நிதி" என்று போட்டுவிடலாம். கூரைக்கு மிஞ்சினால் கொடிமரத்துக்கு ஆகும்.

பேரேடு:
கூடாது அண்ணே. எந்த நோக்கத்துக்குக் கொடுத்தார்களோ அதற்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 1267 சொல்கிறது. "கூரை, கட்டை முனை, மழைநீர்க் குழாய்; மிஞ்சினால் வெளிப்பூச்சு" என்று வரிசையாகவே எழுதுங்கள். வேலை நின்றுபோனால் பணம் என்னாகும் என்பதையும் எழுதுங்கள். பழைய சுரூபங்களைப் புதுப்பிப்பதும் இதில் சேர்ந்தால் அதே சட்டத்தின் 1189இன்படி ஆயரின் எழுத்து அனுமதி முதலில்.

மணிக்கூண்டு:
தலைக்கட்டு அண்ணன் கேட்ட 'கண்ணுக்குத் தெரியும் வேலை'க்கு ஒரு வழி இருக்கிறது. கூரையை அங்கணம் அங்கணமாக, அதாவது பகுதி பகுதியாக, பிரியுங்கள். 80 அடியில் 10 அடி அங்கணம் எட்டு. ஒவ்வொன்றுக்கும் ஜல்லி 100 கன அடி, சுண்ணாம்பு 39, கட்டை இத்தனை, கூலி இத்தனை என்று கோயில் வாசலில் பலகை வையுங்கள். ஓர் அங்கணத்தை ஒரு தெரு ஏற்கட்டும். பிரித்த கட்டை முனையை அறுத்து வாசலிலேயே வையுங்கள். மட்கலைக் கையால் தொட்டுப் பார்ப்பவருக்கு விளக்கம் வேண்டாம். மாற்றுக்குப் பழைய தேக்கு காரைக்குடியில் கிடைக்கும். நீளம், கனம் குறித்துக்கொண்டு போங்கள். புது முனை சுவருக்குள் போகுமிடத்தில் சுற்றிலும் காற்றுக்கு இடைவெளி விடுங்கள், சிமென்ட் வைத்து அடைக்காதீர்கள்.

தலைக்கட்டு:
பலகை யோசனையை ஏற்கிறேன். ஆனால் தவணைப் பணத்தில் கூரையைத் திறந்துவைத்துவிட்டு மழையில் மாட்டுவதுதான் நடக்கும். ஓர் அங்கணத்துக்கு முழுப் பணமும் கணக்கில் விழாமல் அதைத் திறக்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஓர் அங்கணம்தான். ஆகஸ்ட் 15 மாதா திருநாளுக்குப் பிறகு புதிதாக எதையும் திறக்கக் கூடாது, ஐப்பசிக்குள் காயாது. தார்ப்பாய்க்கும் சாரத்துக்கும் முதல் அங்கணத்திலேயே பணம் ஒதுக்குங்கள்.

இரும்பு உத்தரம் வைத்த கோயில்களுக்கு என் பழைய கருத்துதான். அடிப்பட்டை துருப்பிடித்து அடுக்கடுக்காக உரிந்திருந்தால் மரக்கட்டைப் பேச்சே வேண்டாம், ஸ்லாப்தான்.

கரணை:
துருவைச் சுரண்டிவிட்டு மிஞ்சிய இரும்பின் கனத்தைக் காலிப்பரில் அளந்து பாருங்கள். சுவரோரமாக ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை. அந்த அளவை வைத்துக் கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும். அதற்கு முன் ஸ்லாப் என்று நோட்டீஸ் அடிக்காதீர்கள்.