டேட்டிங் ஆப்ல போலி ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?

தோழிகளே, கொஞ்சம் உதவுங்க. வயசு 36, விவாகரத்தாகி நாலு வருஷம் ஆச்சு. ஜாதகம், சாதின்னு ஆரம்பிக்காம மனசு விட்டுப் பேச ஒருத்தர் வேணும்னுதான் போன மாசம் ஒரு இலவச டேட்டிங் ஆப்ல சேர்ந்தேன்.

லண்டன்ல டாக்டர்னு ஒருத்தர் பேசினார். மூணாவது நாளே வாட்ஸ்அப்புக்கு வரச் சொன்னார். வீடியோ கால்னா மட்டும் கேமரா ரிப்பேர். பத்தாவது நாள், "பரிசு அனுப்பினேன், டெல்லி கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சு, 35,000 ரூபாய் கட்டினா விட்டுடுவாங்க"ன்னு மெசேஜ். அப்பதான் போட்டோவை கூகுள் லென்ஸ்ல போட்டுப் பார்த்தேன். அதே முகம், வேற பேர், ஏதோ வெளிநாட்டு ஆஸ்பத்திரியோட வெப்சைட்ல. பணம் போகல. ஆனா எங்கப்பா இறந்த நாளைப் பத்தி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அந்த ஆள்கிட்ட சொல்லி அழுதிருக்கேன். அதுதான் இன்னும் ஆறல. (பணத்தை இழந்தவங்க யாராவது இருந்தா தயங்காம உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு கூப்பிடுங்க.)

பம்பிள், ஹிஞ்ச், டிண்டர் இதுல எதையாவது காசு கட்டாம பயன்படுத்தினவங்க இருக்கீங்களா? செல்ஃபி எடுத்து ஆப்ல வெரிஃபைடு டிக் வாங்கினவங்களை எவ்வளவு நம்பலாம்? முகமும் போட்டோவும் ஒண்ணான்னுதானே அது பார்க்குது, கல்யாணம் ஆனவரா, சொல்ற வேலை நிஜமான்னு அதுல தெரியாதே. நேர்ல பார்க்கறதுக்கு முன்னாடி நீங்க என்னென்ன விசாரிப்பீங்க? இதுக்குன்னு தனி நம்பர் வச்சிருக்கீங்களா?

பொதுவுல எழுத முடியாதவங்க இன்பாக்ஸ்ல சொல்லுங்க. "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு"ன்னு மட்டும் தயவுசெஞ்சு கேக்காதீங்க.