இரண்டு பேர் மட்டும் போகிற மலை: ஸ்கீ மலையேற்றம் பழகிய அனுபவங்கள்

பெர்னில் வளர்ந்த எனக்கு ஸ்கீ புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் வருடத்துக்கு ஒரு கிழமை ஸ்கீ முகாம் இருந்தது. அப்பா உணவகச் சமையலறை வேலை முடிந்து வந்து, யாரோ தந்த பழைய ஸ்கீ சப்பாத்துக்குள் பேப்பர் அடைத்து என் காலுக்கு அளவு பார்த்த இரவு இன்னும் நினைவில் நிற்கிறது. லிஃப்டில் ஏறிச் சறுக்கி இறங்குவது எனக்குக் கைவந்த வேலை. ஆனால் லிஃப்டே இல்லாத மலையில் ஸ்கீயைக் காலில் மாட்டியபடி மணிக்கணக்காக நடந்து ஏறி, யாரும் சமன்படுத்தாத பனியில் இறங்கி வருவது வேறு வித்தை. அதைப் பழகவேண்டும் என்று பல வருட ஆசை.

முதலில் எட்டுப் பேர் கொண்ட குழுப் பயிற்சிக்கு இரண்டு தடவை போனேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முன்னால் போகிறவரின் தடத்தில் கால் வைத்தேன், அவர் நின்ற இடத்தில் நின்றேன், வீட்டுக்கு வந்து பார்த்தால் தனியாக ஒன்றும் தெரியவில்லை. அதனால் போன மார்ச் மாதம் நான்கு நாள்களுக்குத் தனி வழிகாட்டி ஒருவரை அமர்த்தினேன். ஒரு நாளுக்கு 600 பிராங்குக்கு மேல். இரண்டு வருடச் சேமிப்பு அதில் போனது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். உங்களுடைய அனுபவங்களையும் எழுதுங்கள்.

வழிகாட்டி ஐம்பது வயதைத் தாண்டிய பெண். சுவிஸில் ஒரு பெண் முதன்முதலாக மலை வழிகாட்டிப் பட்டம் பெற்றதே 1986-இல்தான், அவர் பெயர் நிக்கோல் நிக்கிய். இன்றைக்கும் பெண் வழிகாட்டிகள் மிகக் குறைவு. லொய்க்கர்பாடில் கேபிள் கார் வாசலில் சந்தித்தோம். கை கொடுத்ததும், "மலையில் எல்லோருக்கும் 'நீ'தான், என்னையும் அப்படியே கூப்பிடு" என்றார். இங்கே அது பழைய வழக்கம், ஓர் உயரத்துக்கு மேலே போனால் மரியாதைச் சொல் கிடையாது. வயதில் மூத்தவரை நீ என்று கூப்பிட எனக்கு இரண்டு நாள் வாய் வரவில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு காரணம் இருப்பது அன்று மத்தியானமே விளங்கியது.

கெம்மி கணவாயில் இறங்கி, லெமரன் குடிலுக்குப் போகிற வழியில் பரந்த வெள்ளைச் சமவெளி ஒன்று வரும். அங்கே என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, பனிக்குள் புதைந்தவரைக் கண்டுபிடிக்க ஒவ்வொருவரும் உடம்பில் கட்டிக்கொள்கிற தேடு கருவி ஒன்றைப் பைக்குள் வைத்து எங்கோ புதைத்துவிட்டு வந்தார். "மலையில் நாம் இரண்டு பேர்தான். பனிச்சரிவு என்னைக் கொண்டுபோனால் உன்னைத் தவிர வேறு ஆள் இல்லை. ஏறுவது, இறங்குவது எல்லாம் நாளைக்கு. இன்றைக்கு என்னை வெளியே எடுக்கப் பழகு" என்று சொல்லி மணிக்கூட்டை அழுத்தினார்.

எல்லாத் தேடு கருவிகளும் 457 கிலோஹெர்ட்ஸில்தான் பேசும். சாதாரணமாக அனுப்பிக்கொண்டே இருக்கும், தேடும்போது நாம் அதைப் பெறும் நிலைக்கு மாற்றவேண்டும். மாற்றினேன், ஓடினேன். திரையில் தூரம் மீட்டரில் வந்தது: 28, 24, பிறகு திடீரென்று 35. அம்புக்குறி இடப்பக்கம் பாய்ந்து, அடுத்த கணம் வலப்பக்கம் பாய்ந்தது. பதறிப்போய் நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உன் போன் எங்கே?" என்று மட்டும் கேட்டார். நெஞ்சுப் பையில் இருந்தது. கருவி அனுப்பும்போது போனுக்கும் அதற்கும் 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று குழுப் பயிற்சியிலேயே படித்திருந்தேன். படித்தது கைக்கு வரவில்லை.

அன்று பையைத் தோண்டி எடுக்க எனக்கு 11 நிமிடம் ஆனது. சுவிஸ் தரவுகளை வைத்து 2024-இல் வந்த ஓர் ஆய்வு, பனிக்குள் புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், அதற்குப் பிறகு வாய்ப்பு வேகமாகக் குறைகிறது என்கிறது. 1414-க்கு அடித்தால் மீட்பு ஹெலிகொப்டர் வரும். ஆனால் பத்து நிமிடத்துக்குள் வரும் என்று யாரும் நம்பி இருக்க முடியாது.

திரும்பத் திரும்பப் புதைத்தார். ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு பிழையைத்தான் சொன்னார். மூன்றாம் தடவை, கடைசி மூன்று மீட்டரில் நான் அவசரப்படுவதைச் சொன்னார். விமானம் தரையிறங்குவதைப்போல, தூரத்தில் வேகம், கிட்டே வரவர மெதுவாக, கருவியைப் பனியோடு ஒட்டிப் பிடித்து, குறைந்த எண் வரும் இடத்தைத் தேடவேண்டும். பிறகு தேடுகோல். அதைச் செங்குத்தாக அல்ல, சரிவின் மேற்பரப்புக்குச் செங்கோணமாகக் குத்தவேண்டும். சுழல்போல வெளிப்பக்கமாகப் போய், ஒவ்வொரு 25 சென்டிமீட்டருக்கும் ஒரு குத்து. அவர் என் கண்ணைக் கட்டிவிட்டுக் குத்தச் சொன்னார். நிலம் என்றால் 'டக்' என்று கை அதிரும். கெட்டிப் பனி என்றால் கரகரவென்று உள்ளே போகும். பை என்றால் மெத்தென்று தடுத்து, கோலைக் கொஞ்சம் திருப்பித் தள்ளும். மனித உடம்பும் அப்படித்தான் இருக்கும் என்றார். அந்த வித்தியாசம் இப்போதும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

தோண்டுவதுதான் ஆளைக் கொல்கிற வேலை. கோலை எடுக்காமல், அதற்குக் கீழ்ப்பக்கம் தள்ளி நின்று, பனியைக் கட்டிகளாக வெட்டிப் பின்னால் தள்ளவேண்டும், தூக்கக் கூடாது. ஒரு மீட்டர் ஆழத்தில் ஒருவர் கிடந்தால் ஒற்றை ஆளாக ஒரு டன் பனியாவது நகர்த்தவேண்டும். மாலையில் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடிக்க எனக்கு மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. கடைசித் தடவை ஆறரை நிமிடம். "நாளைக்கு உன்னோடு போகலாம்" என்றார்.

இரண்டாம் நாள் ஏறுவது. ஸ்கீயின் அடியில் ஒட்டும் பட்டையை இங்கே ஃபெல் என்போம். முன்பு கடல்நாய்த் தோல், இப்போது அங்கோரா ஆட்டு ரோமமும் நைலோனும். முன்னோக்கித் தள்ளினால் வழுக்கும், பின்னோக்கிச் சறுக்கவிடாமல் பிடிக்கும். நான் வாடகைக்கு எடுத்த சோடியின் பசை நல்லாக இல்லை, குளிரில் வாலிலிருந்து உரிந்துகொண்டே வந்தது. நிற்கும்போதெல்லாம் அதைக் கழற்றி ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு வைத்துச் சூடாக்கச் சொன்னார், அதுவும் போதாதபோது ரப்பர் பட்டியால் ஸ்கீயோடு கட்டினோம். அந்தப் பட்டி இல்லாமல் இனி நான் வீட்டை விட்டே இறங்கமாட்டேன்.

செங்குத்தான இடத்தில் திரும்புவதற்கு ஷ்பிட்ஸ்கேரே என்று ஒரு முறை. மேல் காலைத் தூக்கி எதிர்ப்பக்கம் வைத்து, பாரத்தை மாற்றி, கீழ்க் காலின் குதிக்காலை ஒரு தட்டுத் தட்டினால் ஸ்கீயின் முனை தானாக எழும்பும், அப்படியே சுற்றிக் கொண்டுவரலாம். குழுவில் இதை நான் ஐந்து தடவை செய்திருப்பேன். அன்று நாற்பது தடவைக்கு மேல். என் பாரம் எப்போதும் பின்னால் இருப்பதை, எனக்குக் கீழே நின்று ஒரு மணித்தியாலம் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்.

மூன்றாம் நாள்தான் இந்த நான்கு நாளின் உயிர். முந்திய மாலை ஐந்து மணிக்கு டாவோஸ் பனி ஆய்வு நிலையத்தின் பனிச்சரிவு அறிக்கை வந்ததும் என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார். ஆபத்து அளவு 3. நிழல் பக்கச் சரிவுகளில் பழைய பனி பலவீனம். ஐந்து படி உள்ள அளவில் மூன்று நடுவில் இருப்பதால் சாதாரணம்போலத் தோன்றும். ஆனால் சுவிஸில் உயிர்போகிற விபத்துகளில் அதிகமானவை நடப்பது அந்த மூன்றில்தான். பிறகு வரைபடத்தில் வழி போடச் சொன்னார். சுவிஸ் வரைபடத்தில் சரிவு 30 பாகைக்கு மேல் என்றால் மஞ்சள், 35-க்கு மேல் செம்மஞ்சள், 40-க்கு மேல் சிவப்பு. நான் போட்ட வழி செம்மஞ்சளைத் தொட்டுக்கொண்டு போனது. "அங்கே யாரோ ஏறிப்போன தடத்தை இன்றைக்குப் பார்த்தோமே" என்றேன்.

"தடம் போட்டவருக்கு என்ன தெரியும் என்று உனக்குத் தெரியுமா?"

அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. சூப்பைக் குடித்துக்கொண்டு காத்திருந்தார். எட்டுப் பேர் இருந்திருந்தால் வேறு யாராவது பதில் சொல்லியிருப்பார்கள். இருபது நிமிடம் கழித்து நானே அந்த வழியை அழித்தேன். மஞ்சள்கூட வராத ஒரு மேட்டைத் தெரிந்தெடுத்துக் காலையில் அங்கே போனோம். காட்சி ஒன்றும் பெரிதில்லை. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

நான்காம் நாள் வில்ட்ஸ்ட்ரூபெல், 3,240 மீட்டருக்குச் சற்று மேலே. பனியாற்றின் மேல் நான் முன்னால் தடம் போட, அவர் பின்னால் வந்தார். இறக்கத்தில் மேலே ஓடுபோல உறைந்து, உள்ளே மெத்தென்ற பனி. கால் உடைத்துக்கொண்டு உள்ளே போகும். நாலு தடவை விழுந்தேன், எழும்பினேன்.

* * *

அக்கா, "என்னை எடுக்கப் பழகு" என்ற வரியைப் படித்ததும் என் வழிகாட்டி நினைவுக்கு வந்தார். நான் மதுரை, வேலைக்காக கிரெனோபிள் வந்து ஏழு வருஷம் ஆகிறது. பனியையே 26 வயதில்தான் பார்த்தேன். போன ஏப்ரலில் ஷமோனியில் ஒரு வழிகாட்டியுடன் மூன்று நாள். எகுயி து மிதி சிகரம் 3,842 மீட்டர், அதன் கேபிள் கார் நிலையத்திலிருந்து கூரான முகட்டில் ஸ்கீயை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கும்போதே முழங்கால் நடுங்கிவிட்டது. ஆனால் நான் சொல்ல வந்தது கயிறு.

பனியாற்றில் பிளவுகளை மூடிக்கொண்டு பனி பாலம் போட்டிருக்கும். இருவர் ஒரே கயிற்றில் போனால், ஒருவர் விழும்போது தாங்க ஒரே ஒரு ஆள்தான். ஐந்து பேர் கயிறு மாதிரி இல்லை. அதனால் இருவருக்கும் நடுவே கயிற்றை நீளமாக விட்டு, இடையில் பெரிய முடிச்சுகள் போடுவார்கள். கயிறு பிளவின் விளிம்பை அறுத்துக்கொண்டு இறங்கும்போது முடிச்சு பனியில் சிக்கி இழுப்பைக் குறைக்கும். காப்புக்கு இன்னொரு கயிறு கட்டிவிட்டு அவர் விளிம்பிலிருந்து குதித்தார். நான் மூன்று மீட்டர் இழுபட்டேன். அப்புறம் முடிச்சு கடித்தது. அந்த நொடி கயிறு 'தொம்' என்று நின்றது, இன்னும் இடுப்பில் உணர்கிறேன்.

படுத்தபடியே, அவர் எடையைத் தாங்கிக்கொண்டே, ஒரு ஸ்கீயைப் புதைக்க பள்ளம் வெட்டவேண்டும். இழுவைக்குக் குறுக்காக ஒரு பள்ளம், நடுவில் கயிறு போக இன்னொரு வெட்டு. ஸ்கீயை உள்ளே வைத்து, நடுவில் பட்டையைச் சுற்றி, பனியை மிதித்து மூடவேண்டும். 25 நிமிடம் போராடினேன். கீழே இருந்து அவர் அமைதியாகப் பேசிக்கொண்டே இருந்தார், அவசரப்படுத்தவே இல்லை. கடைசியில் எனக்கு உறைத்தது இதுதான்: கப்பி கட்டி 80 கிலோ ஆளைத் தனியாக இழுப்பது கடைசி வழி. விழுந்தவர் நல்ல நிலையில் இருந்தால் அவரே கயிற்றில் சுருக்குப் போட்டு ஏறி வரட்டும். அதனால் மறுநாள் என்னைப் பிளவுக்குள் இறக்கி, நானே ஏறி வரச் சொன்னார். இடுப்புப் பட்டையில் அந்தச் சுருக்குக் கயிறுகள் எந்தப் பக்கம் தொங்குகின்றன என்பதை இப்போது இருட்டிலும் சொல்வேன்.

* * *

எல்லா வழிகாட்டிகளும் இப்படி அமைவதில்லை. நான் ஸ்டுட்கார்ட். இரண்டு வருடம் முன்பு ஆஸ்திரியாவில் சில்வ்ரெட்டா பக்கம் ஒருவருடன் போனேன். நல்ல மனிதர், பாதுகாப்பாகக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று சிகரம். ஆனால் எந்தக் கேள்வி கேட்டாலும் "என் பின்னால் வா". காலையில் தேடு கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பதோடு பயிற்சி முடிந்தது. அவருக்கு ஏதாவது நடந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது, அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்த மலைப்பகுதியின் வாசலில்தான் கால்ட்யூர் ஊர். 1999 பிப்ரவரி 23-இல் பனிச்சரிவு ஊருக்குள்ளேயே வந்து 31 பேரைக் கொண்டுபோனது. அதன் வழியாகத்தான் பஸ்ஸில் போனேன்.

பிழை பாதி என்னுடையது. அமர்த்தும்போது சிகரத்தின் பெயரைத்தான் சொன்னேன், பழக வருகிறேன் என்று சொல்லவில்லை. அடுத்த தடவை முதல் போனிலேயே கேட்டேன்: "உங்களை நான் தேடி எடுக்கிற பயிற்சி உண்டா?" அந்த ஒரு கேள்விக்கு வருகிற பதிலிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

* * *

தம்பி, அந்த 25 நிமிடத்தை வாசிக்க எனக்கே மூச்சு வாங்கியது. கயிறு நான் இன்னும் பழகவில்லை. இந்த வசந்தத்துக்கு அதே வழிகாட்டியிடம் இரண்டு நாள் கேட்டிருக்கிறேன், வில்ட்ஸ்ட்ரூபெலில் அவர் எனக்குப் பின்னால் வந்த தூரத்தையெல்லாம் இப்போது வேறு கண்ணோடு யோசிக்கிறேன். ஸ்டுட்கார்ட் அண்ணா, உங்கள் கேள்வியை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன்.

ஒன்று சொல்லவேண்டும். பழகியது மறந்துபோகும், அதுவும் வேகமாக. பல ஸ்கீ தலங்களில் கருவிகளை முன்கூட்டியே புதைத்துவைத்த பயிற்சித் திடல் இருக்கிறது, காசு இல்லாமல் போய்ப் பழகலாம். போன ஞாயிறு என் தம்பியைக் கூட்டிக்கொண்டு கந்திரிஷ் பக்கம் போனேன், இந்தக் குளிர்காலம் நாங்கள் இரண்டு பேரும்தான் மலைக்குப் போகப்போகிறோம். ஒரு கருவியைப் பைக்குள் வைத்துப் புதைத்தேன். அவன் ஓடினான், அம்பு பாய்ந்தது, நின்று என்னைப் பார்த்தான். நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பிறகு, "உன் போன் எங்கேயடா?" என்று கேட்டேன்.

இரண்டாம் தடவை எட்டு நிமிடம். இந்த ஞாயிறும் போகிறோம்.