பிரேக் பிடிவிடாமை: பழைய கார்க் கையேட்டுக்கான சொற்கள் பற்றி

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழில் எழுதும் பழைய கார்ப் பழுதுபார்ப்புக் கையேட்டுக்காக, பெடலில் இருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் சக்கரத்தை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிற கோளாறுக்கு மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன: பிரேக் இழுவை, ஒட்டு பிரேக், தடை முடக்கம். மூன்றிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. கையேட்டைப் படிக்கப்போகிறவர் கையில் ஜாக்கியோடு காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவரைத் தப்பான இடத்துக்கு அனுப்பாத சொல்தான் நமக்கு வேண்டும்.

முதலில் ‘இழுவை’. பட்டறையில் “வண்டி இழுக்குது” என்றால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாலும் கார் ஒரு பக்கமாகப் போகிறது என்று பொருள். டயரில் காற்று குறைந்திருக்கலாம், அலைன்மென்ட் கெட்டிருக்கலாம், ஒரு பக்கத்துச் சக்கரத்தில் பிரேக் விடாமல் இருக்கலாம். “வண்டி இழுக்கல” என்றாலோ அது இன்ஜின் திணறுவதைப் பற்றிய பேச்சு. பிரேக் உரசிக்கொண்டே ஓடும் கார் இரண்டையும் செய்யும். “பிரேக் இழுவையால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, மேட்டில் இழுக்கவில்லை” என்று எழுதிப் பாருங்கள். காரணம் எது, விளைவு எது என்றே தெரியவில்லை.

‘தடை முடக்கம்’ இன்னும் ஆபத்து. முடங்கிவிட்டது என்றால் வேலை செய்யவில்லை என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். பிரேக்கே இல்லாத காரும் பிரேக் விடாத காரும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

‘ஒட்டு’ என்பதைத் தூக்கி எறிய வேண்டாம். அதற்கு உரிய இடம் ஒன்று இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மழைக்காலம் முழுக்க காரை வெளியில் நிறுத்தினால், சக்கரத்தோடு சுற்றும் டிரம்மில் துரு ஏறி, அதை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூ அதோடு அப்படியே ஒட்டிக்கொள்ளும். கடலோர ஊர்களில் இது அடிக்கடி நடக்கும். கியரைப் போட்டு நகர்த்தினால் ‘டக்’ என்று விடும், அல்லது டிரம்மைச் சுற்றிலும் மெதுவாகத் தட்ட வேண்டியிருக்கும். இந்த ஒரு நிலைக்கு மட்டும் ‘துருவொட்டு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

பொதுப்பெயருக்கு, ஓட்டுநர்கள் நாள் முழுக்கப் புழங்குகிற வினைகளையே எடுப்போம். பிரேக் பிடிக்கும், பிரேக் விடும். “பிரேக் பிடிக்கல” என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். “பிரேக் விடல” என்பதும் அதே அளவு தெளிவு. ஆகவே ‘பிடிவிடாமை’. எதிர்மறைப் பெயர் கலைச்சொல்லுக்கு ஆகுமா என்று ஒரு நண்பர் கேட்பார். செரியாமையை நாம் நோயின் பெயராகவே வைத்திருக்கிறோம், யாருக்கும் உறுத்தவில்லை. இந்தச் சொல் வினையாகவும் வளைந்து கொடுக்கும்: பிடிவிடாத சக்கரம், முன் இடது சக்கரம் பிடிவிடவில்லை. பிரேக் என்பதை பிரேக் என்றே விட்டுவிடுவோம். இலங்கை நண்பர்கள் பிறேக் என்று எழுதினாலும் பிடிவிடாமை ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் இந்த ஒரு சொல்லோடு நிறுத்தினால் கையேடு பாதியில் நின்றுவிடும். பிடிவிடாமை வெறும் அறிகுறி. பழுது பார்ப்பவர் அடுத்து முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: சிக்கியிருப்பது இரும்பா, அழுத்தமா?

சோதனை எளிது. பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி, தானாக வேகம் குறையவிட்டு நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டு போனாலே எது கொதிக்கிறது என்று தெரியும். டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள், தோல் உரிந்துவிடும். சூடு அடங்கியதும் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, நியூட்ரலில் கையால் சுற்றிப் பாருங்கள். டிஸ்க் பிரேக்கில், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் லேசாக உரசும் சத்தம் இயல்பு, சுற்றவே பலம் வேண்டியிருந்தால்தான் கோளாறு. இப்போது அந்தச் சக்கரத்தின் பிளீடர் நிப்பிளை, அதாவது பிரேக் திரவத்தை வெளியே விடும் சிறு திருகை, கொஞ்சம் திறக்க வேண்டும். திரவம் பீய்ச்சிக்கொண்டு வந்து சக்கரம் விட்டுவிட்டால் உள்ளே அழுத்தம் தேங்கியிருந்தது. அதற்குத் ‘தேக்கழுத்தம்’ என்பது என் பரிந்துரை. திறந்தும் விடவில்லை என்றால் ஏதோ ஒரு பாகம் பிடித்துப்போயிருக்கிறது. பட்டறைகளில் ‘இறுகிப்போச்சு’ என்கிறார்கள், ‘இறுகல்’ என்று அதையே எடுத்துக்கொள்ளலாம். பிஸ்டன் இறுகல், கேபிள் இறுகல், வீல் சிலிண்டர் இறுகல் என்று எதோடும் சேரும்.

எங்கள் பழைய காரில் முன் இடது சக்கரம் விடாமல் இருந்தபோது முதலில் பார்த்த பட்டறையில் பேடையும் பிஸ்டனையும் தாங்கும் காலிப்பரையே மாற்றச் சொன்னார்கள். இன்னொரு மெக்கானிக், வயதானவர், நிப்பிளில் ஸ்பேனரைப் போட்டுக் கால் சுற்று திறந்தார். பழுப்பு நிறத்தில் திரவம் ஒருமுறை பீய்ச்சியது, சக்கரம் இலகுவாகச் சுற்றியது. அடைத்துவிட்டுப் பெடலை மிதிக்கச் சொன்னார், மறுபடி பிடித்துக்கொண்டது. இந்த முறை ரப்பர் ஹோஸுக்கு முன்னால் இருக்கும் இரும்புக் குழாயின் நட்டைத் தளர்த்தினார். சக்கரம் அசையவில்லை. “ஹோஸ்தான்” என்றார். வெட்டிக் காட்டியபோது உட்புறம் உப்பி, வழி ஊசித்துளை அளவுக்குச் சுருங்கியிருந்தது. காலால் மிதிக்கும் விசை திரவத்தை உள்ளே தள்ளிவிடும், திரும்பி வர அந்த விசை இல்லை. வெளியே பார்த்தால் ஹோஸ் புதிது போலத்தான் இருந்தது. இதற்கு ‘உள்வீக்கம்’ என்ற சொல் போதும்.

ஒரே சக்கரத்தில் தேக்கழுத்தம் இருந்தால் இப்படி ஹோஸ் பக்கம் பார்க்க வேண்டும். பல சக்கரங்களில் இருந்தால், பெடலை மிதிக்கும்போது சக்கரங்களுக்குத் திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம். அதை, மிதிக்கும் விசையைப் பெருக்கும் பூஸ்டரோடு பிணைக்கும் நட்டுகளைச் சற்றே தளர்த்தியதும் சக்கரங்கள் விட்டால், பெடலின் விசையைக் கொண்டுவரும் தள்ளுதண்டு நீளமாகி மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனை முழுவதும் பின்னால் வரவிடாமல் நிற்கிறது. மாஸ்டர் சிலிண்டரில், பெடலை விட்டதும் திரவம் அதன் சேமிப்புக் கலத்துக்குத் திரும்பிப்போக ஒரு சின்னத் துளை உண்டு. தண்டு நீண்டாலும், கசடு அடைத்தாலும், ரப்பர் கப் உப்பினாலும் அந்தத் துளை மூடிவிடும். ‘ஈடுசெய் துளை’ என்று ஒரு பட்டியலில் பார்த்தேன், எதை ஈடு செய்கிறது என்று படிப்பவருக்குப் புரியாது. ‘திரும்புதுளை’ என்றால் அது செய்கிற வேலை பெயரிலேயே இருக்கும்.

கப் ஏன் உப்புகிறது? இங்கேதான் நான் கொஞ்சம் பிடிவாதமாக நிற்கிறேன். ‘பிரேக் ஆயில்’, ‘பிரேக் எண்ணெய்’ இரண்டையும் கையேட்டில் இருந்து எடுத்துவிட வேண்டும். அது எண்ணெயே அல்ல, நாம் வழக்கமாக ஊற்றும் டாட் 3, டாட் 4 என்ற தரக் குறியீடு கொண்ட வகைகள் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் சார்ந்த திரவங்கள். ஆயில் என்ற பெயரை நம்பி யாராவது கொஞ்சம் இன்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டால், அந்த அமைப்பில் உள்ள ரப்பர் எல்லாம் உப்பிவிடும். கப், சீல், ஹோஸ் அத்தனையும் மாற்ற வேண்டியதுதான். ‘பிரேக் திரவம்’ என்று எழுதுவோம். அது காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதையும் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். டாட் 3 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், ஈரம் ஏறியதற்கான வரம்பு 140. டாட் 4-க்கு 230, 155. அதே ஈரம்தான் பிஸ்டனில் துருவேற்றி இறுகலையும் கொண்டுவருகிறது. விடாத பிரேக்கோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் திரவம் கொதித்து ஆவியாகி, பெடல் பொசுக்கென்று உள்ளே போய்விடும். பிடிவிடாமை பிடிக்காமையில் போய் முடியும். ஆகவே இந்தக் கோளாறு ‘மைலேஜ் குறைவு’ என்ற தலைப்பின்கீழ் வரக்கூடாது, பாதுகாப்புப் பகுதியில்தான் வர வேண்டும்.

டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் கிடையாது. அழுத்தத்தில் வளைந்த சதுர வெட்டு சீல் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் சிறிதளவு கூட்டிக்கொண்டு வரும். மீட்சி என்பது பள்ளி இயற்பியலிலேயே இருக்கிற சொல், ‘சீல் மீட்சி’ என்றே வைப்போம். சீல் கெட்டிப்பட்டுவிட்டால் மீட்சி போய்விடும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அம்பாசிடர் காலத்து டிரம் பிரேக் பகுதியில், ஷூவைத் திறந்ததும் தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள் என்று தடித்த எழுத்தில் போடுங்கள். ஷூவின் மேல் இருக்கும் பழைய உராய்வுப் பட்டையில் (லைனிங்) கல்நார் இருக்கலாம்.

காலிப்பர் இப்படியும் அப்படியும் நகர்வதற்கு இருக்கும் ‘பின்’ (pin) என்ற கம்பிக்கு மட்டும் எனக்குச் சொல் அமையவில்லை. ‘நகர்முளை’ என்று எழுதிப் பார்த்தேன், முளைக்குச்சி போல ஊன்றி நிற்பதாகத் தோன்றுகிறது. துருவைத் துடைத்து, ரப்பரைக் கெடுக்காத சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டிய பாகம் அது, கையேட்டில் பல இடங்களில் வரும். உங்கள் ஊர்ப் பட்டறையில் இதற்கு என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.