‘பீட்மேட்சிங்’: காலம் சேர்த்தலா, அடி சேர்த்தலா?

பொருள்: மறுமொழி: பீட்மேட்சிங், தமிழ்ச் சொல் தேவை
இணுவிலிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

சென்ற வாரம் நான் கேட்ட ஒரு சொல்லுக்கு இத்தனை மறுமொழிகள் வந்தது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கேள்வியை மறுபடியும் சொல்லிவிடுகிறேன்.

என் மருமகன், அக்காவின் மகன், ஒரு வருடமாக டிஜே வேலை பழகுகிறான். கல்யாண வீடுகளுக்கும் பிறந்தநாள் விழாக்களுக்கும் ஒலி, ஒளி அமைப்புப் போடுகிற ஒருவரிடம் வார இறுதிகளில் உதவிக்குப் போகிறான். கம்பி இழுப்பதையும் பெட்டி தூக்குவதையும் அங்கே பழகிவிட்டான். பாட்டோடு பாட்டைச் சேர்க்கும் கலையை மட்டும் ஆங்கிலக் காணொளிகளிலிருந்துதான் கற்க வேண்டியிருக்கிறது. அவனைப் போன்ற பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு சிறிய கைநூல் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். முதல் அத்தியாயத்திலேயே பேனா நின்றுவிட்டது. டிஜே என்ற சொல்லை நான் தொடவில்லை, அது ஊரில் ஊன்றிவிட்ட சொல். ஆனால் ஓடுகிற பாட்டின் அடியோடு அடுத்த பாட்டின் அடியை ஒன்றாக ஓடவைக்கும் பீட்மேட்சிங் என்பதை அப்படியே எழுதிவிட்டுப் போனால், வாசிக்கும் பிள்ளைக்குக் கையால் என்ன செய்ய வேண்டும் என்பது விளங்காது.

வந்த பரிந்துரைகளில் மூன்றை எடுத்துக்கொள்கிறேன்.

> துடிப்பிணைப்பு என்று சொல்லலாமே?

துடிப்பு தானாக நிகழ்வது. நெஞ்சு துடிக்கிறது, கண் துடிக்கிறது. தவில்காரர் அடிக்கிறார், மேளம் அடிக்கிறது, கை அடிக்கிறது. தவில் ஓசை கேட்டே வளர்கிற இணுவில், அளவெட்டிப் பக்கத்தில் ‘அடி’ என்றால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு உடற்கூற்றுப் புத்தகத்திலிருந்து ஒரு சொல்லைக் கடன் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

> தாளப் பொருத்தம்?

அழகான சொல்தான். ஆனால் பொருத்தம் என்பதை நாம் பார்க்கிறோம், செய்வதில்லை. சாதகத்தைக் கொண்டுபோய்ப் பொருத்தம் பார்க்கிறோம், இல்லையென்றால் அந்தப் பேச்சை விட்டுவிடுகிறோம். டிஜேயின் வேலை அதற்கு நேரெதிர். வேகத்தில் பொருந்தாத இரண்டு பாட்டுகளை எடுத்துத் தன் கையால் பொருத்துகிறார். எனவே இங்கே செயலைச் சொல்லும் சொல்தான் வேண்டும். அதற்காக இந்தச் சொல்லை எறிந்துவிடச் சொல்லவில்லை. இரண்டு பாட்டுகளின் சுருதி ஒத்துப்போகுமா என்று முன்கூட்டியே பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வேலை ஒன்று டிஜேக்கு உண்டு. அதற்கு ‘சுருதிப் பொருத்தம்’ சரியாகப் பொருந்தும், ஏனென்றால் அங்கே உண்மையிலேயே பார்த்துத்தான் கழிக்கிறோம்.

> இசைத்தொடுப்பு, இசைத்தொடுப்பாளர்?

பூத் தொடுப்பதை நினைத்து எழுதியிருக்கிறீர்கள் என்று புரிகிறது. ஆனால் ‘தொடுப்பு’ என்றால் நம் பேச்சில் வேறொரு உறவைக் குறிக்கும். கல்யாண வீட்டுக்கு வருகிறவருக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

இனி நான் எங்கே மாட்டிக்கொண்டேன் என்பதைச் சொல்கிறேன். பீட்மேட்சிங் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. தொடக்கநிலைப் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இதனால்தான் என்பது என் எண்ணம்.

ஒலித்துக்கொண்டிருக்கும் பாட்டு நிமிடத்துக்கு 120 அடி என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வரப்போவது 121 அடி. இரண்டையும் ஒரே நொடியில் தொடங்கிவிட்டால் முதலில் ஒன்றாகவே கேட்கும். பத்து நொடிக்குள் அடி தடிப்பாகும். அதன் பிறகு ‘டக்’ என்ற ஓசை ‘டடக்’ ஆகி, குதிரை ஓடுவதுபோல் ஒலிக்கத் தொடங்கும். 30 நொடியில் ஒரு பாட்டின் அடி மற்றதன் இரு அடிகளுக்கும் சரி நடுவே வந்து விழும். ஆடிக்கொண்டிருப்பவர்கள் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பது அப்போதுதான். 60 நொடியில் தானாகவே மறுபடி ஒன்றாகிவிடும், ஆனால் ஒரு பாட்டு ஓர் அடி முன்னே போயிருக்கும். வேகத்தில் ஒரே ஓர் அடி வித்தியாசம்தான் இத்தனையையும் செய்கிறது.

இப்போது இரண்டையும் துல்லியமாக 120 ஆக்கிவிடுங்கள். சிக்கல் தீர்ந்ததா? தீரவில்லை. இரண்டாவது பாட்டைக் கால் நொடி பிந்தித் தொடங்கினால், வேகம் ஒன்றாகவே இருந்தும் அடி அரைவாசி தள்ளித்தான் விழும். எத்தனை நிமிடம் ஓடினாலும் அப்படியேதான் ஓடும்.

மருமகனுக்கு இதை விளக்க நான் கோயிலுக்குத்தான் போனேன். வாகனம் காவுகிறவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். முன்கொம்பில் நிற்பவர்களும் பின்கொம்பில் நிற்பவர்களும் ஒரே வேகத்தில் நடந்தால் மட்டும் போதாது. காலும் ஒன்றாக விழ வேண்டும். வேகம் ஒன்றாக இருந்து கால் மாறி விழுந்தால், வாகனம் முன்னேறும், ஆனால் சாமி தள்ளாடும். வேகம் ஒரு கணக்கு, கால் விழும் இடம் இன்னொரு கணக்கு. நம் மொழியில் ‘அடி’ என்பது கால் அடியாகவும் மேள அடியாகவும் இருப்பதால் இந்த விளக்கம் தமிழில் மிக எளிதாக நிற்கிறது.

ஆகவே என் பரிந்துரை: ஒரு சொல்லுக்கு ஒரு சொல் தேட வேண்டாம். வேகத்தை ஒன்றாக்குவதற்குக் காலம் சேர்த்தல். அடி விழும் இடத்தை ஒன்றாக்குவதற்கு அடி சேர்த்தல். தம்பூராவுக்கும் நாதஸ்வரத்துக்கும் சுருதி சேர்ப்பது என்கிறோம். அந்தச் ‘சேர்த்தல்’தான் இது. காதால் கேட்டு, கையால் திருத்தி, மறுபடி கேட்கும் வேலை. இரண்டையும் அடக்கிய பொதுப்பெயர் வேண்டுமானால் லயம் சேர்த்தல்.

கருவியிலும் இந்த இரண்டு வேலைக்கும் தனித்தனி இடம் உண்டு. காலம் சேர்ப்பது ஓரத்திலுள்ள வேகச் சறுக்கியால், அதாவது முன்னும் பின்னும் நகர்த்தி வேகத்தை மாற்றும் பிடியால். 1970களிலிருந்து டிஜேக்களின் கையில் இருந்துவரும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 என்ற, இசைத்தட்டைச் சுழற்றும் தட்டுச்சுழலியில், 1979இல் வந்த பதிப்பின் சறுக்கி 8 சதவீதம் கூட்டவும் குறைக்கவும் விடும். அதாவது 120 அடிப் பாட்டை 110.4 முதல் 129.6 வரை கொண்டுபோகலாம். அடி சேர்ப்பது தட்டின் விளிம்பை விரலால் சற்றே தள்ளி அல்லது தடுத்து. ஹெட்போனில் ஒரு காதை மட்டும் மூடிக்கொண்டு, வரப்போகிற பாட்டு முந்துகிறதா பிந்துகிறதா என்று கேட்க வேண்டும். தெரியாவிட்டால் ஒருமுறை தள்ளிப் பார்க்க வேண்டும். ஓசை இன்னும் குழம்பினால் தள்ளியது தவறு, தடுத்திருக்க வேண்டும். இந்த ஒரு பயிற்சியை மருமகன் மூன்று மாதம் செய்தான்.

‘இதெல்லாம் எதற்கு, இப்போது மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதுமே’ என்று ஒருவர் கேட்டிருந்தார். இயந்திரத்தில் ஒரே வேகத்தில் செய்த பாட்டுகளுக்குப் போதும். நம் வீட்டு விழாக்களில் கேட்பது பழைய திரைப்பாடல்களையும்தான். அவை மனிதர்கள் கையால் வாசித்தவை, சரணத்தில் சற்றே ஓடும், பல்லவிக்குத் திரும்பும்போது அமரும். மென்பொருள் அங்கே தடுமாறக்கூடும், பழகிய காது தடுமாறாது.

சொல்லோடு நேரடியாகச் சேராத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். 1990களின் முதல் பாதியில் இங்கே மின்சாரம் இல்லை. எங்கள் வீட்டில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து ரேடியோவுக்கும் கசட் பெட்டிக்கும் மின் எடுப்போம். சுற்றுவது என் வேலை. நான் களைத்தால் பாடகரும் களைப்பார், குரல் தடித்துக் கீழே இறங்கும். அம்மா அடுப்படியிலிருந்து ‘சுற்று, சுற்று’ என்பார். வேகமாகச் சுற்றினால் குரல் மெலிந்து மேலே ஏறும். வேகமும் சுருதியும் ஒரே கயிற்றில் கட்டியவை என்பதை நான் அந்த மிதியில்தான் கற்றேன். இசைத்தட்டிலும் அதே கதைதான்: வேகத்தை ஏறத்தாழ 6 சதவீதம் கூட்டினால் பாட்டு ஓர் அரைச்சுரம் ஏறிவிடும். இன்றைய கருவிகளில் வேகத்தை மாற்றினாலும் சுருதி மாறாமல் நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது. அதற்குச் சுருதிப் பூட்டு என்று எழுதியிருக்கிறேன். யாருக்கும் மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்.

---

பொருள்: மறுமொழி: மறுமொழி: பீட்மேட்சிங்
ரொறன்ரோவிலிருந்து

அண்ணா, உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் பிள்ளைகள் மேடையில் பீட்மேட்ச் என்றுதான் சொல்லப்போகிறார்கள். கருவியிலும் ஆங்கிலம்தான் இருக்கிறது. கைநூலில் அதையே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் என்ன குறை?

---

பொருள்: மறுமொழி: மறுமொழி: பீட்மேட்சிங்
கோண்டாவிலிலிருந்து

வணக்கம். நான் மிருதங்கம் கற்பிக்கிறவள். அடி சேர்த்தல் என்பதைக் கேட்டவுடனேயே பிடித்துவிட்டது. காலம் சேர்த்தல் என்பதை மட்டும் மன்னித்துக்கொள்ளுங்கள், ஏற்க முடியவில்லை.

எங்கள் பிள்ளைகளுக்குக் காலம் என்றால் முதலாம் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம். இரண்டாம் காலம் முதலாம் காலத்தின் இரு மடங்கு, மூன்றாம் காலம் நான்கு மடங்கு. 120ஐ 121 ஆக்குவதை யாரும் காலம் மாற்றுவது என்று சொல்லமாட்டார்கள். ஒரு மிருதங்க மாணவன் உங்கள் கைநூலை எடுத்து ‘காலம் சேர்க்கவும்’ என்று வாசித்தால், பாட்டை இரட்டிக்கச் சொல்கிறீர்கள் என்றே நினைப்பான். நீங்கள் சொல்லும் நுண்ணிய வேகத்துக்கு எங்களிடம் காலப்பிரமாணம் என்ற சொல் இருக்கிறது. ஆனால் அது கைநூலுக்கு நீளமாகத் தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. வரப்போகிற பாட்டை எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று டிஜே குறித்துவைப்பாராமே. என் மாணவர்களில் ஒருவன் காட்டினான். அதற்கு நீங்கள் சொல் தேட வேண்டியதில்லை. தாளத்தில் பாட்டுத் தொடங்கும் இடத்தை நாங்கள் எடுப்பு என்கிறோம். எடுப்பு தவறினால் முழுப்பாட்டும் தவறும், உங்கள் கலையிலும் அப்படித்தான் போலிருக்கிறது. 32 அடிக்கு ஒருமுறை பாட்டின் பகுதி மாறும் என்று அவன் சொன்னான். அது எட்டு அடிச் சுற்றான ஆதி தாளத்தில் நான்கு ஆவர்த்தனம், அதாவது நான்கு சுற்று. பிள்ளைகளைக் கையில் தாளம் போட்டு எண்ணச் சொல்லுங்கள், திரையைப் பார்க்க வேண்டியதில்லை.

---

பொருள்: மறுமொழி: மறுமொழி: மறுமொழி: பீட்மேட்சிங்
இணுவிலிலிருந்து

அம்மா, உங்கள் மடலை மூன்று முறை வாசித்தேன். நீங்கள் சொல்வது சரி. காலத்தை விட்டுவிடுகிறேன்.

விட்டுவிடுவது மட்டுமல்ல, அதற்கு உரிய இடமும் உங்கள் மடலாலேயே கிடைத்துவிட்டது. 70 அடிப் பாட்டையும் 140 அடிப் பாட்டையும் டிஜேக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டுவார்கள், ஒன்றின் ஓர் அடிக்கு மற்றதில் இரண்டு விழும். அதை விளக்க அரைப்பக்கம் எழுதி அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது ‘இரண்டாம் காலத்தில் ஓட்டுதல்’ என்று மூன்று சொல்லில் முடிகிறது. நுண்ணிய வேகத்துக்கு வேகம் சேர்த்தல் என்று வெறுமனே வைத்துவிட்டேன். எடுப்பும் உள்ளே வந்துவிட்டது. ஆவர்த்தனக் கணக்கையும் உங்கள் சொற்களிலேயே எழுதுகிறேன்.

ரொறன்ரோத் தம்பிக்கு: மேடையில் அவர்கள் எதைச் சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. பீட்மேட்ச் என்ற சொல்லும் கைநூலின் முதல் பக்கத்தில் இருக்கும், காணொளியைத் தேட அது வேண்டும். ஆனால் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, பிழை நேரும்போது எது பிழைத்தது என்று ஒரு பிள்ளை சொல்ல முடியாது. ‘பீட்மேட்ச் ஆகவில்லை’ என்றால், சறுக்கியைத் தொட வேண்டுமா தட்டைத் தொட வேண்டுமா? ‘வேகம் சேரவில்லை’ என்றால் சறுக்கி. ‘அடி சேரவில்லை’ என்றால் தட்டு. நான் இத்தனை பிடிவாதமாக இரண்டு சொல் கேட்பது இதற்காகத்தான்.

நேற்று மாலை மருமகன் பழகிக்கொண்டிருந்தான். நான் திண்ணையில் இருந்தேன், எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் தட்டில் கைவைத்துத் தடுமாறினான். உள்ளேயிருந்து மருமகனின் குரல் கேட்டது: “வேகம் சரி. அடிதான் பிந்துகிறது. மெல்லத் தள்ளு.”

அடுத்த வாரம் மிக்ஸரில் ஒரு பாட்டின் அடித்தொனியை (பேஸ்) குறைத்து மற்றதன் அடித்தொனியை ஏற்றும் வேலைக்குச் சொல் வேண்டும். ‘அடித்தொனி மாற்று’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். ஆனால் இங்கே ‘அடி’ கீழ் என்ற பொருளில் வருகிறது, முந்தைய சொல்லோடு மோதும். யாரிடமாவது வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.