மறு: கிரேடு செபரேஷன் – 'தரப்பிரிப்பு' சரியா?

வணக்கம் நண்பர்களே,

நாம மொழிபெயர்க்கற ரயில் கட்டுரையோட கலைச்சொல்லுக்கு இப்படி ஒரு பரிந்துரை வந்திருக்கு:

> கிரேடு செபரேஷன் = தரப்பிரிப்பு

தயவுசெஞ்சு இது வேணாம். தரம் பிரிக்கறதுன்னா தேயிலையும் வெங்காயமும்தான் ஞாபகத்துக்கு வரும். இங்க கிரேடுன்னா தரையோட மட்டம். ரோடும் தண்டவாளமும் ஒரே மட்டத்துல குறுக்க வெட்டிக்காம ஒண்ணை மேலயோ கீழயோ கொண்டுபோறது, அவ்ளோதான். அதனால 'மட்டப்பிரிப்பு'. மட்டம்னா மட்டமானதுன்னு ஆயிடாதான்னு ஒரு ஐயா கேட்டிருந்தீங்க. நீர்மட்டம், கடல்மட்டம்னு தினம் பேப்பர்ல வருது, கொத்தனார் கையில ரசமட்டம் இருக்கு, யாரும் தப்பா எடுத்துக்கறதில்லையே.

லெவல் கிராசிங்குக்கு புதுசா எதுவும் தேடவே வேணாம், இலங்கைல 'ரயில் கடவை'ன்னு செய்திலயே எழுதறாங்க, அழகான சொல், அதையே எடுத்துக்கலாம்.

சிக்கல் அடுத்த சொல்லான 'ட்ரெஞ்ச்'லதான். நம்ம கட்டுரை அமெரிக்கால லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்குற அலமீடா காரிடார்ங்கற சரக்கு ரயில் பாதையைப் பத்தினது. லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச்னு ரெண்டு துறைமுகத்துலேர்ந்து ஊருக்குள்ள இருக்குற ரயில் யார்டு வரைக்கும் 20 மைல், 2002 ஏப்ரல்ல திறந்தாங்க, செலவு சுமார் 240 கோடி டாலர். இதுல நடுவுல 10 மைலுக்கு ரயிலை தரைக்கு கீழ 33 அடி ஆழம், 50 அடி அகலத்துல தோண்டி இறக்கிட்டாங்க, மேல கூரை கிடையாது. இதை 'சுரங்கப்பாதை'ன்னு எழுதினா தப்பு. நம்ம ஆளுங்களுக்கு சுரங்கப்பாதைன்னா இருட்டு, மழை வந்தா இடுப்பளவு தண்ணி. 'பள்ளப்பாதை'ன்னா ரோடு சரியில்லைன்னு நினைப்பாங்க.

என்னோட பரிந்துரை 'அகழித்தடம்'. அகழின்னா கோட்டையைச் சுத்தி தண்ணி நிக்கணுமேன்னு கேட்பீங்க, வேலூர் கோட்டை அகழி அப்படித்தான், ஒத்துக்கறேன். ஆனா வேர் 'அகழ்', தோண்டறது. கீழடிக்கு அப்புறம் அகழாய்வுங்கற சொல் சின்னப் பசங்களுக்கே தெரியும்.

இந்த ஒரு சொல்லுக்கு நான் ஏன் இவ்ளோ மல்லுக்கட்டறேன்னா, நான் வளந்தது வடசென்னைல, வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் நடுவுல ஒரு ரயில்வே கேட்டு. கேட்டு போட்டுட்டா கன்டெய்னர் வண்டி பெட்டியை எண்ணிக்கிட்டே நிப்பேன், 45 வரும், சிலநாள் முப்பதாவது பெட்டியோட சிக்னல் கெடைக்காம அப்படியே நின்னுடும், அப்பா சைக்கிளை சாய்ச்சு கட்டைக்கு அடியில நுழைச்சு என் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு போவாரு. இப்ப நினைச்சாலும் வயித்தைக் கலக்குது. அலமீடால இந்த மாதிரி சுமார் 200 கடவை போயிடுச்சு. காம்ப்டன், லின்வுட், சவுத் கேட் மாதிரி ஏழை உழைப்பாளிங்க இருக்குற ஊருங்க வழியாத்தான் அந்த லைன் போகுது, கடவை இல்லன்னா கேட்டுல காத்துக்கிடக்க வேணாம், ராத்திரி ஒவ்வொரு கடவைக்கும் ஹாரன் அடிக்க வேணாம். மேம்பாலம் கட்டியிருந்தா கீழ இருக்குற கடைங்க இருட்டாயிருக்கும், தள்ளுவண்டிக்காரர் மூச்சு வாங்க ஏறணும். அகழித்தடத்துல ரயில்தான் இறங்குது, ஜனங்க நடக்கற ரோடு இருந்த மட்டத்துலயே இருக்கு. அந்த வித்தியாசம் சொல்லுலயே தெரியணும்.

இதால எல்லாம் சரியாயிடுச்சுன்னு கட்டுரைல எழுத வேணாம். பக்கத்துல 710 ஹைவேல துறைமுக லாரிங்க இன்னும் வரிசைகட்டித்தான் போகுது, கிட்டத்து ஊர்ல இறங்க வேண்டிய சரக்கை ரயில்ல ஏத்தறதில்ல, அந்தப் புகையும் அதே ஜனங்களுக்குத்தான். அந்தப் பத்தியை யாரும் சுருக்கிடாதீங்க.

ஒரு சந்தேகம். அந்த அகழியோட ரெண்டு சுவரும் உள்பக்கம் சாயாம இருக்க மேல குறுக்கால கான்கிரீட் உத்திரம் மாதிரி போட்டிருக்காங்க, அதுக்கு என்ன சொல்றது? சென்ட்ரிங் வேலைல 'முட்டு' குடுக்கறதும்பாங்க, ஆனா அது நிக்கறது, இது படுத்திருக்கு. 'குறுக்குமுட்டு' சரியா வருமா? சிவில் வேலை பாக்கறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தப் பக்கத்தை முடிச்சிடலாம்.