ஹீமோகுளோபின் ஏறுகிறது, ஆனால் அம்மாவின் கால் மரத்துப்போகிறது

மழைத்துளி:
அம்மாவுக்கு 63 வயது. சர்க்கரைக்குப் பத்து வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். மூன்று மாதத்துக்கு முன் ஹீமோகுளோபின் 8.4, எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 112. ரத்தசோகை என்று ஃபோலிக் ஆசிட் மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு நாள்கூட விடாமல் கொடுத்தேன். இப்போது 10.9. நிம்மதியாக இருந்தது. ஆனால் போன வாரம் செருப்பு கழன்றது தெரியாமலே அம்மா நாலு அடி நடந்துவிட்டார். இரவில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து போகிறார், விளக்கைப் போட்டால் பரவாயில்லை என்கிறார். ரத்தம் ஏறும்போது இது ஏன் கூடுகிறது? சர்க்கரையால் வருவதா? எனக்குத் தூக்கமே வரவில்லை.

நிழல்மரம்:
வைட்டமின் பி12 அளவைப் பார்த்தார்களா? ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன், அதனால் முதலில் இதைத்தான் கேட்பேன். எம்சிவி 112 என்றால் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கின்றன. ஃபோலிக் ஆசிட் குறைந்தாலும் அப்படி ஆகும், பி12 குறைந்தாலும் ஆகும். குறைந்தது பி12 ஆக இருந்தாலும், ஃபோலிக் ஆசிட் கொடுத்தால் ரத்தம் ஓரளவு தேறிவிடும். ஆனால் நரம்பின் உறைக்குத் தேவையான பி12 வேலையை அது செய்யாது. ரிப்போர்ட் நன்றாகத் தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

இருட்டில் தடுமாறுவதுதான் எனக்குக் கவலை. பாதம் எங்கே இருக்கிறது என்ற செய்தி தண்டுவடம் வழியாகச் சரியாகப் போகாவிட்டால் கண்ணை நம்பித்தான் நடக்க முடியும். சர்க்கரையாலும் கால் மரக்கும், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்குக் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையும். அதற்காக நீங்களே அதை நிறுத்திவிடாதீர்கள். நாளைக்கே மருத்துவரிடம் போய் இதையெல்லாம் சொல்லுங்கள். முடிந்தால் பி12 ஊசி போடுவதற்கு முன்பே பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துவிடட்டும்.

கரையோரம்:
என் அப்பாவுக்கும் இதேதான். அவருக்கு மெட்ஃபார்மின் காரணமில்லை, பி12-ஐக் குடலில் சேர்க்கும் புரதம் இரைப்பையில் சுரக்கவில்லை. ஹைட்ராக்சோகோபாலமின், அதாவது பி12-இன் ஒரு வடிவம், 1000 மைக்ரோகிராம், தசையில் ஊசி போட்டார்கள். மருந்து ரத்தம் மாதிரி சிவப்பாக இருக்கும், பயப்படாதீர்கள், அதில் உள்ள கோபால்ட்தான் அந்த நிறம். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒன்று, ஆயுளுக்கும். ஆரம்பத்தில் பொட்டாசியம் இறங்கலாம் என்று அதையும் பார்த்தார்கள். ரத்தம் இரண்டு மாதத்தில் சரியானது. காலுக்கு எட்டு மாதம் ஆயிற்று. இடது பெருவிரல் நுனி மட்டும் இன்றும் மரத்துத்தான் இருக்கிறது. நாங்கள் தாமதமாகப் போனோம், நீங்கள் தள்ளிப் போடாதீர்கள்.

மழைத்துளி:
பி12 அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 96 பிகோகிராம்தான், ரொம்பக் குறைவு! ஊசி தொடங்கிவிட்டார்கள், இன்று மூன்றாவது. மருத்துவர் ஃபோலிக் ஆசிட்டைத் தொடரலாம் என்றார், ஆனால் பி12 இல்லாமல் தனியாக வேண்டாமாம். பிற்பாடு மாத்திரைக்கு மாற முடியுமா?

நிழல்மரம்:
பலருக்கு முடியும். 1000 மைக்ரோகிராம் மாத்திரையில் ஏறக்குறைய 1 சதவீதம் அந்தப் புரதத்தின் உதவி இல்லாமலே உள்ளே போகும். ஒரு நாளைக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம்தான். ஆனால் நரம்பு பாதித்திருப்பதால் இப்போதைக்கு ஊசியை விடாதீர்கள், மாற்றுவதை மருத்துவர் சொல்லட்டும். இரவில் அம்மா நடக்கும் வழியில் விளக்கு எரியட்டும்.

மழைத்துளி:
நேற்றிலிருந்து அணைக்கவே இல்லை. அந்தச் செருப்பையும் மாற்றிவிட்டேன், பின்பக்கம் வார் வைத்தது.